தாள் எங்கே நிற்கிறது? ஜெராக்ஸ் மெஷின் தாள் சிக்கலை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மெஷின் நின்று பேனலில் விளக்கு மின்ன ஆரம்பித்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், கதவைத் திறந்து கண்ணில் பட்ட தாளைப் பிடித்து இழுப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். தாள் நிற்கிற இடம்தான் நமக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதன் முன்முனை எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, நேராக இருக்கிறதா, கோணலா, மடிந்திருக்கிறதா, ஒரு தாளா இரண்டா என்று பார்த்துக்கொண்டு, முடிந்தால் போனில் ஒரு படமும் எடுத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

ரங்கூனில் நான் பிரித்துப் பார்க்கிற மெஷின்களில் முக்கால்வாசி ஜப்பானில் சில வருடம் ஓடி முடித்துக் கப்பலேறி வந்த செகண்ட் ஹேண்ட். பான்சோடான் தெருப் பக்கத்து ஜெராக்ஸ் கடையானாலும் சரி, கோயில் ஆபீஸானாலும் சரி, தமிழ்ப் பள்ளிக்கூடமானாலும் சரி, கதை ஒன்றுதான். அதனால் இங்கே எழுதுவது அந்த மாதிரி தரையில் நிற்கிற பெரிய மெஷின்களை மனதில் வைத்து. மேசை மேல் வைக்கிற சின்ன லேசர் பிரிண்டருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை

அதே தாளில் பத்துப் பதினைந்து எடுத்துப் பக்கவாட்டில் இருக்கிற பைபாஸ் ட்ரேயில் வைத்துக் காப்பி போடுங்கள். அதில் ஒழுங்காக ஓடினால், உங்கள் கோளாறு கீழே இருக்கிற ட்ரேயிலோ, அதன் ரோலரிலோ, அங்கிருந்து மேலே வருகிற வழியிலோதான். எல்லா ட்ரேக்கும் பொதுவான பாதையில் தப்பு இல்லை. பைபாஸிலும் சிக்கி, அதுவும் அதே இடத்தில் சிக்கினால், எல்லா ட்ரேக்கும் பொதுவான பகுதியில் பிரச்சினை: ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் (தாளை நேராக்கி நேரம் பார்த்து விடுவது), ஃபியூசர் (டோனர் என்கிற மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைப்பது), வெளியேறும் பகுதி. இரண்டு ட்ரே இருக்கிற மெஷினில் தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியும் பார்க்கலாம். தாளை மாற்றியதும் சிக்கலும் தாளோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் தாள்மேல்தான். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் இதைச் செய்யாமல் ரோலர் வாங்கி மாட்டிவிட்டு "இன்னும் சிக்குதே" என்று போன் செய்கிறவர்கள்தான் அதிகம்.

மழைக்காலத்தில் முதல் சந்தேகம் தாள்மேல்

மே கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை இந்த ஊரில் தாள் உலர்ந்தே இருக்காது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது காப்பித் தாளில் ஏறக்குறைய 5 சதவீதம் ஈரம் இருக்கும், அதற்காகத்தான் கட்டின் மேலுறைக்கு உள்பக்கம் ஈரம் புகாத பூச்சு போட்டிருக்கிறார்கள். உறையைப் பிரித்துப் பாதி எடுத்துவிட்டு மீதியை அப்படியே திறந்து வைத்தால், ஓரங்கள் முதலில் ஈரத்தைக் குடித்து நீளும், நடு அப்படியே இருக்கும். ஓரம் அலை அலையாக நிற்பது இதனால்தான். அந்த அலைத் தாள் கோணலாகப் போகும், ரெஜிஸ்ட்ரேஷனில் மடியும், ஃபியூசரில் சுருக்கம் விழும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டும் வரும். நான்கு அறிகுறிக்கும் மருந்து ஒன்றுதான்: உறை பிரிக்காத புதுக்கட்டு ஒன்று.

காப்பி வெளியே வரும் இடத்தில் லேசாக ஆவி தெரிந்தால் பயப்பட வேண்டாம், மெஷின் எரியவில்லை. தாளில் இருந்த ஈரம் ஃபியூசர் சூட்டில் ஆவியாகிறது. ஆனால் அது தெரிகிறது என்றாலே தாள் அளவுக்கு மேல் ஈரமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுகளைத் தரையில் அடுக்காதீர்கள், கீழ்த்தளக் கடை என்றால் கட்டாயம் கூடாது. மரப்பலகை போட்டு, சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிரித்த கட்டை அதன் உறையிலேயே திரும்பச் சுற்றி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். ராத்திரி கடை மூடும்போது ட்ரேயில் பெரிய அடுக்கு விட்டுப் போகாமல், மறுநாள் காலைக்கு வேண்டியதை மட்டும் விட்டால் போதும். ஏசி அறையில் வைத்திருந்த கட்டை வெளியே கொண்டுவந்த உடனே பிரிக்கவும் கூடாது, குளிர்ந்த தாள்மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். அறைச் சூட்டுக்கு வரட்டும். ஈரத் தாளை வெயிலில் காயப்போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். காயும்தான், ஆனால் சுருண்டுபோய் முன்னைவிட மோசமாகச் சிக்கும்.

இன்னொன்று, மலிவுத் தாள். உறையில் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம்) என்று போட்டிருந்தால் நம்பிவிடாமல் தராசில் வைத்துப் பாருங்கள். ஏ4 அளவு 500 தாள், 80 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 2.5 கிலோ இருக்க வேண்டும், அதாவது பர்மா வீசையில் ஒன்றரை. 70 ஜிஎஸ்எம் என்றால் 2.2 கிலோ. எடை 2.2 காட்டினால், ஒன்று தாள் மெலிது, இல்லையென்றால் எண்ணிக்கை குறைவு. 70 தாளே தப்பு என்று சொல்லவில்லை, நிறைய மெஷின் ஓட்டும். ஆனால் மெஷினின் தாள் வகை அமைப்பில் மெல்லிய தாள் என்று மாற்ற வேண்டியிருக்கும், இரட்டைப் பக்கம் அடிக்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, தாள் நகரவே இல்லை

ட்ரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். மேல் தாள் இம்மிகூட அசையாமல் இருந்தால் அதை எடுத்துக் கொடுக்கிற பிக்கப் ரோலர் வழுக்குகிறது, அல்லது தாள் அடுக்கு ரோலர் வரை உயரவே இல்லை. ட்ரேயைத் தள்ளி மூடியதும் இரண்டு மூன்று நொடிக்கு ஒரு மெல்லிய உறுமல் கேட்க வேண்டும், அடித்தட்டை மேலே தூக்குகிற சின்ன மோட்டார் அது. சத்தமே இல்லை என்றால் தூக்கும் மோட்டாரோ அதன் இணைப்போ கோளாறு, ரோலரை நோண்டிப் பயனில்லை. சத்தம் கேட்டும் எடுக்கவில்லை என்றால் ரோலருக்கு வாருங்கள்.

மேல் தாள் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ முன்னால் போய் நின்றிருக்கிறதா? அப்படியானால் பிக்கப் ரோலர் தன் வேலையைச் செய்துவிட்டது, அடுத்திருக்கிற ஃபீட் ரோலர்தான் பிடிக்கவில்லை.

ரோலரைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ரப்பர் விரலைப் பிடிக்கும், பளபளக்காது. கண்ணாடி மாதிரி மினுங்கினாலோ, வெள்ளையாகத் தூசு அப்பியிருந்தாலோ, வரிப்பள்ளங்கள் தேய்ந்து மறைந்திருந்தாலோ அதுதான் காரணம். அந்த வெள்ளைத் தூசு தாளிலிருந்து உதிர்கிற மாவு. மலிவுத் தாளில் அதிகம் உதிரும். நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். காய்ந்த பிறகு ஓட்டுங்கள். அழுக்கு விடவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் தொடலாம், அதையே வாராவாரம் பழக்கமாக்கினால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ரப்பர் சில நாள் பிடிக்கும், அதற்குள் புது ரோலர் வந்து சேரும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

காலையில் முதல் காப்பி மட்டும் சிக்கும், அப்புறம் நாள் முழுக்க ஓடும்

பழைய மெஷின்களில் இது ரொம்ப அடிக்கடி வரும், ரொம்பத் தவறாகவும் புரிந்துகொள்ளப்படும். ரோலர் மாற்றுவார்கள், மறுநாள் காலை திரும்பவும் அதே. இந்த அறிகுறிக்கு இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஒன்று, ராத்திரி ஈரம் குடித்த மேல் தாள்கள். முதல் ஐந்தாறு தாளை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டினால் சரியாகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதில் சரியாகவில்லை என்றால் பிக்கப் சோலனாய்டைச் சந்தேகியுங்கள். மின்காந்தம் இழுக்கும்போது 'டக்' என்று சத்தமிடுகிற சின்ன உறுப்பு அது. சத்தத்தைக் குறைக்க அதன் இரும்புத் தகடு வந்து மோதும் இடத்தில் ஒரு சின்ன நுரைப்பஞ்சோ ரப்பரோ ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் இருந்து அது இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். தகடு அதில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஒட்டியிருந்தது காலையில் உடனே விடாது, ஒரு கணம் தாமதமாக விடும். அந்த ஒரு கணத்தில் தாள் சென்சாருக்கு வர வேண்டிய நேரம் தப்பிவிடும், மெஷின் ஜாம் என்று நிறுத்திவிடும். நாலைந்து தடவை அடித்தபிறகு பிடி தளர்ந்து ஒழுங்காக ஓடும். ஒட்டுகிற பக்கம் வேறாக இருந்தால், இழுத்த தகடு திரும்பாமல் நின்று அடுத்த தாளையும் சேர்த்து இழுக்கும்.

மருந்து எளிது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிசுபிசுப்பை ஆல்கஹால் தொட்ட குச்சிப் பஞ்சால் முழுக்கச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் மெல்லிய துணி டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். தகடு வந்து மோதும் பக்கம் பசை வெளியே தெரியக்கூடாது. டேப் தடிமனாகப் போனால் தகட்டின் நகர்வு குறைந்து வேறு கோளாறு கிளம்பும், ஆகவே ஒரே ஓர் அடுக்கு போதும்.

இரண்டு மூன்று தாள் சேர்ந்து வருகிறது

பெரிய மெஷின்களில் ஃபீட் ரோலருக்கு நேர் கீழே செப்பரேஷன் ரோலர் என்று ஒன்று இருக்கும். அதன் வேலை தாளைத் தள்ளுவது அல்ல, தடுப்பது. அதன் அச்சில் டார்க் லிமிட்டர் என்கிற சின்ன உருளை இருக்கிறது. ஒரே தாள் வந்தால் மேல் ரோலரின் பிடி வென்று, கீழ் ரோலரும் கூடவே சுற்றும். இரண்டு தாள் வந்தால் தாளுக்கும் தாளுக்கும் இடையே வழுக்கல் இருப்பதால் கீழ் ரோலர் அந்த இரண்டாம் தாளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கீழ் ரோலர் தேய்ந்தாலோ லிமிட்டர் இறுகிப்போனாலோ தளர்ந்தாலோ இந்தக் கணக்கு கெடும். சின்ன மெஷினில் ரோலருக்குப் பதில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு முன், தாளை விசிறினீர்களா? தொழிற்சாலையில் மொண்ணைக் கத்தியால் வெட்டிய தாளின் ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் விசிறி, தட்டி நேராக்கி வைத்தால் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். ட்ரேயில் இருக்கிற தாளின் மேலேயே புதுத்தாளை அடுக்குவதும் இரட்டையாக வரக் காரணம். பழைய, புதிய தாள் சேருகிற இடத்தில்தான் ஒட்டும். பழையதை வெளியே எடுத்துப் புதுசோடு சேர்த்து விசிறி, தட்டி நேராக்கி ஒரே அடுக்காக வையுங்கள். ஒருபக்கம் அடித்த தாளைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கிற ஆபீஸ்களில் இந்தக் கோளாறு ஓயவே ஓயாது. அதிலும் ஸ்டேப்ளர் பின் எடுக்க மறந்த ஒரு தாள் உள்ளே போனால் படம் உருவாகிற உருளையான டிரம்முக்கே கோடு விழுந்துவிடும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போகும்.

கோணலாக வருகிறது

ட்ரேயின் பக்கக் கைடுகள் தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தளர்ந்தால் கோணல், இறுக்கினால் தாள் நடுவில் புடைத்து இழுபடாது. உள்ளே ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதற்கு மேல் தாள் வைத்தாலும் கோணல் வரும்.

அளவையும் பாருங்கள். இங்கே ஏ4, ஃபூல்ஸ்கேப், லீகல் மூன்றும் ஒரே கடையில் ஓடும். நீளம் 297, 330, 356 மில்லிமீட்டர்; அகலம் ஏ4 210, மற்ற இரண்டும் 216. பின்கைடை ஒழுங்காகத் தள்ளாமல், அல்லது ட்ரே முகப்பில் இருக்கிற அளவுத் திருகியை மாற்றாமல் வேறு தாள் வைத்தால், மெஷின் ஒரு நீளத்தை எதிர்பார்க்கும், தாள் இன்னொரு நீளத்தில் வரும், சென்சார் நேரக்கணக்கு பிசகி ஜாம் ஆகும். தாள் சுத்தமாக, நேராக, மடிப்பே இல்லாமல் நின்றிருந்தால் இதை முதலில் நினையுங்கள்.

கைடு, அளவு எல்லாம் சரியாக இருந்தும் கோணல் போகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர். தாள் வந்து, சுற்றாமல் நிற்கிற அந்த ரோலரில் முட்டி, லேசாக வளைந்து, முன்முனை நேராகி, அப்புறம் டிரம்மின் படத்தோடு நேரம் பார்த்துக் கிளம்பும். ஈரத் தாளுக்கு அந்த வளைவு சரியாக வராது. ரோலரில் தாள் மாவு படிந்திருந்தாலும் வராது. துடையுங்கள், பக்கத்தில் இருக்கிற மாவு சேரும் தட்டையும் துடையுங்கள்.

உள்ளே தாளே இல்லை, ஜாம் என்கிறது

கிழிந்த துண்டு ஒன்று எங்கேயோ சென்சார் கொடியின் (தாள் தொட்டால் சாய்கிற சின்ன நெம்பு) கீழ் கிடக்கிறது. முந்தின தடவை யாரோ இழுத்துக் கிழித்தது. கிழிந்த தாளை எப்போதும் மேசையில் சேர்த்து வைத்துப் பாருங்கள், மூலை ஒன்று குறைந்தால் அது மெஷினுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். துண்டும் இல்லையென்றால் கொடியை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஸ்பிரிங் பிடித்துத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் கழன்றிருக்கும், அல்லது கொடி முறிந்திருக்கும். ஒளி சென்சாரில் தூசு அடைத்தாலும் இதே தொல்லை. சின்னத் தூரிகையால் தட்டிவிடலாம். பல்லி, எறும்பு வகையறாவும் இந்த இடத்தில்தான் குடியேறும்.

தாள் வைத்தும் "தாள் இல்லை" என்று வருவதும் இதன் தம்பிதான். ட்ரேயின் மேல் தொங்குகிற கொடியைப் பாருங்கள்.

வெளியேறும் இடத்தில் விசிறி மடிப்பாக நசுங்கி நிற்கிறது

முன்முனை ஃபியூசரைத் தாண்டி முட்டுகிறது, பின்னால் வருவது தள்ளுகிறது. முதலில் மெஷினை அணைத்து ஆறவிடுங்கள், ஃபியூசர் 150 டிகிரிக்கு மேல் சூடாகிற பகுதி. பச்சைப் பிடியைச் சுற்றித் தாள் போகிற திசையிலேயே எடுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் உருகாத டோனர் எல்லாம் உள்ளே கொட்டும், ஃபியூசரிலிருந்து தாளைப் பிரிக்கிற மெல்லிய நகங்கள் வளையும். அந்த நகங்களில் டோனர் கெட்டியாக ஒட்டியிருந்தால் தாள் இதே மாதிரி திரும்பத் திரும்ப நசுங்கும். ஸ்டிக்கர் தாள், லேசருக்கு ஒத்துவராத பிளாஸ்டிக் தாள் ஓட்டிய பிறகு இது ஆரம்பித்தது என்றால் உள்ளே ஏதோ உருகி ஒட்டியிருக்கிறது. கத்தி, ஸ்க்ரூ டிரைவர் போட்டுச் சுரண்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், உருளையில் ஒரு கீறல் விழுந்தால் அது எல்லாக் காப்பியிலும் தெரியும்.

இரட்டைப் பக்கம் அடிக்கும்போது மட்டும் சிக்கினால், முதல் சூட்டில் தாள் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்த்து, ட்ரேயில் தாளைப் புரட்டி வையுங்கள். கட்டு உறையில் ஓர் அம்புக்குறி இருக்கும், எந்தப் பக்கம் முதலில் அடிக்க வேண்டும் என்று சொல்வது அதுதான்.

மேலே இருக்கிற டாக்குமெண்ட் ஃபீடர்

இதற்கும் தனியே ரோலர், தனியே தடுப்புப் பட்டை, அதே துடைப்பு முறை. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: என்ஆர்சி என்கிற அடையாள அட்டை, பலமுறை மடித்துப் பழசான குடும்பப் பட்டியல், டேப் ஒட்டிய பத்திரம் எதையும் இதில் விடாதீர்கள். கண்ணாடிமேல் வைத்து எடுங்கள். மெஷின் கிழித்துவிட்டால் காப்பி எடுக்க வந்தவர் புது ஆவணத்துக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும்.

கரண்ட் போய் வந்தபிறகு

ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் மூன்று நான்கு தாள் பாதையில் அங்கங்கே நிற்கும். வந்ததும் பேனல் ஒரே ஓர் இடத்தைக் காட்டும், அதை மட்டும் எடுத்துவிட்டு மூடினால் அடுத்ததைக் காட்டும். ட்ரே, பக்கக் கதவு, டூப்ளெக்ஸ் (இரட்டைப் பக்கத்துக்குத் தாள் திரும்புகிற பாதை), ஃபியூசர் என்று கீழிருந்து மேலே வரிசையாக எல்லாவற்றையும் ஒரே தடவையில் திறந்து பார்த்துவிடுங்கள். ஃபியூசருக்குள் தாள் நின்றுபோயிருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

கூடவே பிளக் விஷயம். ஜப்பானிலிருந்து வந்த பல மெஷின்களில் ட்ரேக்கு அடியில் ஈரம் உலர்த்தும் ஹீட்டர் இருக்கும், மெயின் சுவிட்சை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் அது வேலை செய்யும். ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஹீட்டரும் செத்தது, காலையில் தாள் நமத்தது. ஆனால் அந்த மெஷின்கள் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறோம். டிரான்ஸ்ஃபார்மர் தரமில்லாமல் சூடேறுகிறது என்றால் ராத்திரி முழுக்க விட்டுவைப்பதைவிட ட்ரேயைக் காலி செய்துவிட்டுப் பிடுங்குவதே மேல்.

ரோலர் வாங்கும்போது

பிக்கப், ஃபீட், செப்பரேஷன் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு இரண்டு பழசு என்றால் பிடிமானம் ஒத்துவராது. ஆயுள் மாடலைப் பொறுத்து ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் தாள் வரை போகும், செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கும்போது அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கடையில் மாடல் பேரை மட்டும் சொல்லாமல் பழைய ரோலரையே கொண்டுபோய்க் காட்டுங்கள், பார்வைக்கு ஒன்று போலிருக்கும், அச்சின் விட்டம் மாறும். போலி ரோலர் கையில் அழுத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும். மாட்டிய மாதமே வழுக்கும். சிலவற்றில் ஒரே பக்கம் மட்டும் சுற்றும் கிளட்ச் உள்ளே இருக்கிறது, திருப்பி மாட்டினால் புது ரோலரும் தாள் எடுக்காது, அதனால் கழற்றும்போதே எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பரப்பை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். மாற்றி முடித்தபின் சர்வீஸ் மோடில் அந்த ட்ரேயின் ரோலர் கவுண்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாற்றச் சொல்கிற எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.